ஓட்டத்துக்கு முன் தும்மல் கூடாது

அன்பு மனைவிக்கு,

முப்பத்தொரு வருடம் பள்ளிப் பிள்ளைகளை விசில் ஊதி ஓடவிட்டு, அறுபத்திரண்டாம் வயதில் தானே ஓடக் கிளம்பிய உன் டிரில் மாஸ்டர் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீயும், ஆபரேஷன் ஆன உன் முழங்காலும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய் என்பதால் கடிதம்.

உன் தம்பி கம்பவுண்டர் எழுதிக் கொடுத்த காகிதப்படியே நடக்கிறேன். கொதித்து ஆறிய தண்ணீர், எட்டு மணி நேரத் தூக்கம். லாட்ஜ் லிஃப்டில் யாராவது இருமினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த மாடியிலேயே இறங்கிவிடுகிறேன்; ஏழாம் மாடி அறைக்குப் பாதி வழி நடைதான். நேற்றுச் சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்து மேசைக்காரர் தும்ம, நான் தட்டோடு வாசலுக்கு ஓட, தட்டைத் திருடிக்கொண்டு போகிறேன் என்று பரிமாறும் அம்மாள் பின்னாலேயே ஓடிவந்தாள். மாரத்தானின் நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்கு அது நல்ல பயிற்சி.

இதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். ஆனால் நான் வந்து இறங்கிய அன்றே நம் பேத்திக்கு ஜலதோஷம். காகிதத்தில் ஐந்தாவது வரி என்ன தெரியுமா? "சளி பிடிச்ச குழந்தை இருக்கிற பக்கம் தலைவெச்சும் படுக்காதீங்க அத்தான்." அதனால் லாட்ஜில் தங்கி, தினமும் சாயங்காலம் மகள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்கிறேன். நான் விசில் ஊதினால் பேத்தி உள்ளே ஒரு குதி குதிக்கிறாள். இரண்டு ஊதினால் உட்காருகிறாள். அவள் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கிவிடுகிறது. கையால் துடைத்துவிட்டு, நான் இன்னும் நிற்கிறேனா என்று பார்க்கிறாள். அப்படியே உன் மூக்கு.

"உள்ள வாங்கப்பா" என்றாள் மகள்.

"ஞாயித்துக்கிழமை ஓட்டம் முடியட்டும்மா."

"உங்களுக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு முடியணும்."

அவள் கல்யாணத்துக்குப் போகாமல் பள்ளி விளையாட்டு விழாவைக் காரணம் சொன்னவன் அல்லவா நான்? உன்னிடம் மட்டும் சொல்கிறேன். எனக்கு ஓட்டமும் வேண்டாம், மெடலும் வேண்டாம். நாலு வருடம் பேசாத மகளிடம் 'உன்னைப் பார்க்கணும் போல இருக்கு' என்று சொல்ல வாய் வராமல்தான், 'உங்க ஊர்ல ஓட வர்றேன்' என்றேன். தெருவே மாலை போட்டு அனுப்பிய பிறகு முன்வைத்த காலைப் பின்வைப்பது எப்படி? இன்னும் நாலே நாள். ஓடி முடித்ததும், திங்கட்கிழமை விமானம் ஏறும்வரை பேத்தியைக் கீழே இறக்க மாட்டேன்.

முழங்காலை மடக்கி நீட்டு. காகிதத்தில் ஒரு வரியைக்கூட மீறவில்லை என்று தம்பியிடம் சொல்.

இப்படிக்கு,
கட்டுப்பாடு தவறாத உன் கணவன்.

பின்குறிப்பு: தபாலில் போட மறந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. இதை எழுதிய அன்று சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போனபோது கதவு திறந்திருந்தது. பேத்தி ஓடிவந்து, என் கழுத்து விசிலை இழுத்து, ஒழுகுகிற மூக்கோடு ஒரு ஊது ஊதினாள். பிறகு அதை என் வாயில் திணித்து, "தாத்தா, ஊது" என்றாள். ஊதிவிட்டேன். இப்போது மகள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஒன்பதாவது தும்மலோடு இதை எழுதுகிறேன். நாளை மறுநாள் ஓட்டத்தில் நான் நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டிய நம்பர் அட்டை பேத்தியின் பொம்மை முதுகில் இருக்கிறது. "சரியானப்புறம் போங்கப்பா" என்று மகள் விமான டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டாள். தம்பியிடம் மூச்சு விடாதே, மாத்திரை அனுப்பிவிடுவான்.