எழுத்தைப் பெரிதாக்கிய வினை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே என் கண்களைத் தவிர மற்ற எல்லாம் நலம். அங்கே நீயும் மருமகளும் நலமாக இருப்பதாக வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அச்சகத்தில் நாளெல்லாம் கம்ப்யூட்டரில் பிழை திருத்தி, என் கண் காய்ந்துபோய் மணல் விழுந்த மாதிரி உறுத்துவது உனக்குத் தெரியும். கண் டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, ஸ்கிரீனைப் பார்க்கும்போது நான் இமைக்கவே மறந்துவிடுகிறேன், அடிக்கடி இமைக்க வேண்டும், அவ்வப்போது தூரத்தில் பார்க்க வேண்டும், போனில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும் என்றார். பெரிதாக்கினேன். "கண்ணைக் கெடுத்துக்கிட்டது போதும், வேலையை விட்டுட்டு அம்மாவோட இங்க வந்துடுங்க, தனி ரூம் இருக்கு" என்று நீ அனுப்பியதை பஸ்ஸில் படித்தேன். டாக்டர் சொன்னபடி நடுவில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அதற்குள் பின்சீட்டில் தினமும் என்னோடு வருகிறவர்கள் அதைப் படித்து முடித்துவிட்டார்கள்.

பூட்டு ரிப்பேர்காரர், "தனி ரூம் தர்றாங்களே சார், போங்க" என்றார். அவர் பக்கத்திலிருந்த நர்ஸம்மா, "ரூம் குடுப்பாங்க, டிவி ரிமோட் குடுப்பாங்களா?" என்று கேட்டார். மருமகளை யாரும் தப்பாகப் பேசவில்லை, பேசியிருந்தாலும் நான் எழுத மாட்டேன். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு, "சார் இங்கயே இருக்கீங்கதானே?" என்றார். நான் மருத்துவ முறைப்படி நிதானமாகக் கண்ணை மூடித் திறந்தேன். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, "சார் போகலையாம்" என்று டிரைவர் வரைக்கும் சொல்லிவிட்டார். எல்லாருக்கும் சந்தோஷம். இத்தனை பேர் சந்தோஷத்தை எப்படிப்பா கெடுக்கறது?

உள்ளதைச் சொன்னால் எனக்குப் பயம்டா. வேலையில்லாமல் உன் வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு, நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போறதையும் வர்றதையும் பார்த்துக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? ஆகவே நாங்கள் வருவதற்கில்லை. உன் அம்மாவைக் கேட்கவில்லை. அவள் என் பேச்சைத் தட்ட மாட்டாள்.

நீங்கள் இருவரும் கண்ணும் கருத்துமாக, இமைக்க மறக்காமல், நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: மேலே உள்ள எதுவும் செல்லாது. சொட்டு மருந்து போட வந்த உன் அம்மா முழுவதையும் படித்துவிட்டு, நேராகப் போய்ப் பெட்டி கட்டிவிட்டாள். ஒரே ஒரு பெட்டி. என் துணிமணி எங்கே என்று கேட்டதற்கு, "உங்களுக்குத்தான் பஸ்ஸு நிறைய ஆளுங்க இருக்காங்களே" என்கிறாள். தனி அறையில் எதற்கும் இரண்டு கட்டில் போட்டு வை. இன்னும் கெஞ்சிக்கொண்டுதான் இருக்கிறேன்.