நம்பிக்கைக்குரிய பயணி

முப்பத்தேழாவது கேள்வியில் மேலாளரின் பேனா நின்றுவிட்டது.

'குடும்பத்தாரிடம் தாங்கள் மறைத்து வரும் பழக்கங்கள் யாவை?' என்று கேட்டது விமான நிலையம் கொடுத்த விண்ணப்பப் படிவம்.

நின்றது ஒரு நிமிடம்தான். "நமக்கு ஒளிக்க என்ன இருக்கு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, 'தினமும் இரண்டு சிகரெட், கிடங்குக்குப் பின்புறம். நான் விட்டு ஏழு வருஷம் ஆகிறது என்று மனைவி நம்பிக்கொண்டிருக்கிறாள்' என்று முத்து முத்தாக எழுதினார்.

எல்லாம் மச்சினனால் வந்த வினை. போன தடவை குடும்பத்தோடு விமானம் ஏறப் போனபோது, பாதுகாப்புச் சோதனையில் மேலாளரின் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். பிறகு பெல்ட்டை. பெல்ட் போனதும் பேண்ட்டும் கிளம்பிவிட்டது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவர் வெறுங்காலோடு நின்றபோது, மனைவியின் தம்பி ஓர் அட்டையைக் காட்டிவிட்டு, "வரேன் மாமா!" என்று பக்கத்து வாசல் வழியாக ஜோராக உள்ளே போனான்.

நம்பிக்கைக்குரிய பயணி அட்டையாம் அது. வைத்திருப்பவர்கள் எதையும் கழற்ற வேண்டியதில்லை. அடுத்த மாதம் மச்சினிக்குக் கல்யாணம். மறுபடி எல்லோரும் ஒரே விமானம். அதற்குள் அந்த அட்டை கைக்கு வராவிட்டால் மேலாளருக்குச் சோறு இறங்காது.

மற்றபடி, சோதனை என்றால் அவருக்கு உயிர். பூட்டுக் கம்பெனியின் கிடங்கில் வேலை. சாயங்காலம் ஆட்கள் வெளியேறும்போது வாசலில் மேஜை போட்டு, ஒவ்வொரு பையையும் அவரே கொட்டிப் பார்ப்பார். யாராவது முணுமுணுத்தால், "ஒளிக்க ஒண்ணும் இல்லேன்னா திறந்து காட்ட என்னய்யா வலிக்குது?" என்பார்.

போன மாதம், எல்லோரும் பேக்கிங் அக்கா என்று கூப்பிடும் பெண்ணின் பையிலிருந்து டாக்டர் சீட்டு ஒன்றை உருவினார். பெண்கள் பெண்களிடமே தயங்கிச் சொல்லும் நோய் அது. முப்பது பேர் காதில் விழும்படி அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். சீட்டுக்குள் பூட்டு எதுவும் இல்லை. அக்கா கூனிக் குறுகிப் போய்ச் சீட்டை வாங்கிக்கொண்டாள். மேலாளர் அடுத்த பையைக் கொட்டினார்.

பூர்த்தி செய்த படிவத்தை நகல் எடுக்கச் சொல்லி அவர் நீட்டியதும் அதே அக்காவிடம்தான். அவள் மெஷின் பக்கத்தில் நின்று கடைசிப் பக்கம் வரை புரட்டினாள்.

"சார், இதுல..."

"என்ன, படிச்சுட்டியா? நல்லாப் படி. உங்களை மாதிரியா நான்? எனக்கு ஒளிக்க என்னம்மா இருக்கு?"

அக்கா நகல் எடுத்தாள்.

பத்தாம் நாள், சரிபார்ப்பதற்காக வீட்டுக்கு ஒரு பிரதி வந்தது. மனைவி பிரித்தாள்.

"ஏங்க, ஏழு வருஷமா வாசல்லயே நின்னு பெப்பர்மிண்ட் மென்னுட்டு வந்தது இதுக்குத்தானா?"

"அது சும்மா எழுதினதும்மா."

"எனக்குப் பொய், ஊர் பேர் தெரியாதவனுக்கு உண்மையா? நல்லா இருக்குங்க உங்க நியாயம்!"

மேலாளர் விமான நிலைய அலுவலகத்துக்குப் போன் போட்டார். "சார், முப்பத்தேழாவது பதிலை மட்டும் அடிச்சிடுங்க."

"அடிச்சா, பொய்த் தகவல் கொடுத்ததா ஆயிடும் சார்."

"ஐயோ, பொய் இல்ல, உண்மைதான்! வீட்டுல சண்டை, அதான்."

"சண்டையா? இருங்க, எழுதிக்கறேன். வீட்டில்... அமைதி... இல்லை."

அந்த ஒரு வரியை விசாரிக்க இரண்டு அதிகாரிகள் வீட்டுக்கே வந்தார்கள். பீரோவைத் திறந்தார்கள். தலையணையை உதறினார்கள். மாடிப்படியில் அக்கம்பக்கத்து வீடுகள் மொத்தமும் வேடிக்கை பார்த்தன.

"தூக்கத்துல பேசுவாரா?" என்று மனைவியிடம் கேட்டார் ஓர் அதிகாரி.

"பேசுவாரு. என் தம்பியைத் திட்டுவாரு."

அதிகாரி எழுதினார். நிலைமை கைமீறுவதைப் பார்த்த மேலாளர் குறுக்கே பாய்ந்தார். "சார், மாமியாருக்கு ஆபரேஷன்னு மூணு தடவை லீவு போட்டவன் நான். கம்பெனியில கேட்டுப் பாருங்க. குடும்பத்து மேல அவ்வளவு பாசம்!"

"எங்கம்மாவுக்கு எப்பங்க ஆபரேஷன் நடந்துச்சு?" என்றாள் மனைவி.

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டு, மறுநாள் கம்பெனியில் கேட்டும் பார்த்தார். மத்தியானம் முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"மூணு ஆபரேஷன் ஆன உடம்பாய்யா அது? இப்பத்தான் அந்த அம்மாகிட்ட போன்ல விசாரிச்சேன். 'என்னை எதுக்குடா அறுத்தீங்க'ன்னு அந்த வாங்கு வாங்கறாங்க!"

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மனைவி பெட்டியோடு வாசலில் நின்றாள். அவளுக்குக் கோபம்கூட வடிந்துவிட்டிருந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "நான் தம்பி வீட்டுக்குப் போறேன். கல்யாணத்துக்கு நீங்க வர வேண்டாம். அந்த அட்டை வந்ததும் அதுகூடவே குடும்பம் நடத்துங்க."

அட்டை மறுநாளே வந்துவிட்டது. புகைப்படமும் முத்திரையுமாகப் பளபளவென்றிருந்தது. எடுத்துக்கொண்டு போகத்தான் இடமில்லை.

கிடங்கில் முதலாளியின் புது உத்தரவு தொங்கியது: இனி மேலாளரின் பையும் சோதிக்கப்படும், சோதிப்பது பேக்கிங் அக்கா.

சாயங்காலம் முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா அவர் பையைத் திறந்தாள். சாப்பாட்டு டப்பா, குடை, சிகரெட் பெட்டி, அட்டை, படிவத்தின் நகல். எதையும் அவள் வெளியே எடுக்கவில்லை, எதையும் வாய்விட்டு வாசிக்கவுமில்லை.

"எழுபது கேள்விம்மா," என்றார் மேலாளர். "எழுபதுக்கும் எழுதினாத்தானே அட்டை? என் மச்சினனும் எழுதித்தானே வாங்கியிருப்பான்? அவன் குடும்பம் மட்டும் எப்படி நல்லா இருக்கு?"

அக்கா பையை மூடி, ஜிப்பை இழுத்து, அவர் கையில் கொடுத்தாள்.

"முதல் மூணு கேள்விதான் கட்டாயம், மத்ததெல்லாம் இஷ்டம் இருந்தா எழுதலாம்னு கடைசிப் பக்கத்துல போட்டிருந்துச்சு சார். அன்னைக்கே சொல்ல வந்தேன். உங்களுக்குத்தான் ஒளிக்க ஒண்ணுமே இல்லையேன்னு விட்டுட்டேன்."