அமிலம் அளக்கும் ராஜவேலு

2024 ஜூன் 3, திங்கட்கிழமை. இடம்: பெரிய காஞ்சிபுரம். அளந்தவர்: ராஜவேலு, பட்டு நூலுக்குச் சாயமேற்றும் பட்டறையின் உரிமையாளர், வயது ஐம்பத்தாறு. அளக்கப்பட்டவை: மனைவியின் எச்சில், தபால்காரரின் எச்சில், கோயில் புளியோதரை, குழாய்த் தண்ணீர்.

இவ்வகை உயிரினத்திற்கு அமில வேட்டையர் என்று பெயரிடலாம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், எண்ணிப் பாருங்கள்.

அமில வேட்டையருக்கு வேண்டிய கல்வித்தகுதி, கைபேசியில் வந்த ஒரே ஒரு காணொலி. புற்றுநோய் அமிலத்தில் வளர்கிறது என்று அது சொன்ன மாத்திரத்தில், சாயத்தொட்டியின் புளிப்பைச் சோதிக்கப் பட்டறையில் வைத்திருந்த நிறம் மாறும் காகிதச் சுருளை ராஜவேலு சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எதிர்ப்பட்டவரையெல்லாம் நாக்கை நீட்டச் சொன்னார். காகிதம் மஞ்சளானால் உச்சுக்கொட்டினார், பச்சையானால் "இப்போதிக்கித் தப்பிச்சே" என்றார். தயிர் தப்பவில்லை. ஊறுகாய் தப்பவில்லை. இட்லி மாவுக்கு ஆயுள் தண்டனை.

வேடிக்கையாகத்தான் இருந்தது, தம்பி மனைவி துர்காவிடம் அவர் வரும்வரை.

துர்காவுக்கு மார்பில் புற்றுநோய். ஆறு தவணை மருந்து ஏற்ற வேண்டும், மூன்று முடிந்திருந்தன. மூன்றாவதில் குடலே வாய்க்கு வந்துவிட்டது. நான்காவது, வியாழக்கிழமை. போகாமலிருக்க ஒரு காரணம் கிடைக்காதா என்று அவள் ஏங்கியிருந்த புதன்கிழமை, சமையல் சோடாப் பொட்டலத்தோடு காரணமே நடந்து வந்தது.

"நாளிக்கி ஆஸ்பத்திரிக்குப் போவாதம்மா. காலைல ஒரு ஸ்பூனு, ராவுல ஒரு ஸ்பூனு. புளிப்பு எறங்கிச்சுன்னா கட்டி தானாக் கரைஞ்சிபூடும்."

"டாக்டரம்மா வேற மாதிரி சொன்னாங்களே மாமா. கட்டிதான் தன்னச் சுத்திப் புளிப்பு உண்டாக்கிக்குதாம். நாம இன்னா தின்னாலும் ரத்தம் அதும்பாட்டுக்கு அதே அளவுலதான் இருக்குமாம்."

"அவங்களுக்கு இன்னா தெரியும்? அவங்ககிட்ட பேப்பர் இருக்குதா?"

இந்தக் கேள்விக்கு எந்த மருத்துவக் கல்லூரியிலும் விடையில்லை. துர்கா பொட்டலத்தை வாங்கினாள். பிரிக்கவும் செய்தாள். ஆனால், பத்து ஆண்டுகள் அவர் பட்டறையில் நூல் சுற்றியவள் அல்லவா?

"சரி மாமா. கல்யாணப் பொடவைக்கு அரக்குச் சாயத்தொட்டி கொதிச்சிக்கினு இருக்குதே, அதுல மொதல்ல ஒரு ஸ்பூனு போடுங்க, பாப்போம்."

ராஜவேலு பதறினார். "ஐயையோ! சாயம் ஏறாதும்மா! நாலு கிலோ பட்டு! எவனோ போன்ல சொன்னான்னு தொட்டில கண்டதப் போட முடியுமா?"

"எனக்குள்ள மட்டும் போடலாமா மாமா?"

ராஜவேலு அவள் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்று அதற்குமேல் எவரையும் நாக்கை நீட்டச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை ஆட்டோ கொண்டுவந்தவர் அவர்தான். மருத்துவமனைத் தேநீரை அளந்தவரும் அவர்தான். அதை யாராலும் தடுக்க முடியாது.

வாசகரே, சிரிக்கிறீர்கள். நன்று. காலையில் வெந்நீரில் எதையோ பிழிந்து குடித்தீர்களே, அது எந்தக் காணொலி? அதை நோயாளி எவருக்கேனும் அனுப்பினீர்களா? சட்டைப்பையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துர்கா ஏற்றிக்கொண்ட தவணைகள்: ஆறு.