பேர் வெட்டிய பாத்திரங்கள்

செப்டம்பர் இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. வானம் மூடிக்கொண்டு, பதினோரு சொட்டுத் தூறிவிட்டு நின்றுவிட்டது. அந்த நேரத்தில்தான் டபுள் விசில் என் வீட்டுக்குள் முதன்முதலாக நுழைந்தார். தானம் வாங்கிக்கொண்டு போய், கொடுத்தவனுக்கு ஐந்தே நாளில் இருபத்தெட்டு விரோதிகளைச் சம்பாதித்துத் தந்த மனிதர் பெரம்பலூரில் மட்டுமல்ல, இந்த உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காக்கிச் சட்டையை விட்டார், கழுத்தில் தொங்கிய விசிலை விடவில்லை. வீட்டில் வேண்டாத சாமான் இருக்கிறது என்று சொன்னால் போதும், வந்து எடுத்துப்போய் இல்லாதவர்களிடம் சேர்த்துவிடுவார். கூலி கிடையாது. வண்டி வைக்க மாட்டார், எல்லாம் பஸ்ஸில்தான். ஒரு தடவை யாரோ கொடுத்த ஆளுயரக் கண்ணாடியை ஜன்னலோர சீட்டில் நிறுத்திக் கொண்டுபோனாராம். அரியலூர் போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸில் தலை சீவாத ஆள் ஒருவர்கூட மிச்சமில்லையாம்.

என் நிலைமை இது. போன கார்த்திகையில் மனைவி போய்விட்டாள். கோயம்புத்தூரில் இருக்கும் மகன், அக்டோபர் கடைசியில் வந்து அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டான். "ரெண்டு பெட்டிக்கு மேல வேணாம்பா, இங்க எடமில்ல." நான் அரசுக் கிடங்கில் முப்பத்திரண்டு வருஷம் இருப்பு எழுதியவன். வீட்டைச் சுற்றி வந்து எண்ணினேன். ஸ்பூன்களைச் சேர்க்காமல் அறுநூற்றுப் பதினான்கு பொருள்கள்.

டபுள் விசில் மிக்சியைக் காட்டிக் கேட்டார். "இது எங்க சார் எறங்கணும்?"

"எனக்கென்னங்க தெரியும்? எடுத்துட்டுப் போங்க."

"எறங்குற எடம் தெரியாம நான் எதையும் ஏத்துனதில்ல சார்."

வேப்பந்தட்டையில் கல்யாணமாகப் போகும் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டு மறுநாள் வந்துதான் மிக்சியை எடுத்தார். அடுத்த நாள் ஃபேன், அதற்கடுத்த நாள் ஒரு நாற்காலி. நாளைக்கு ஒரு பொருள் என்றால் ஒரு வருஷம் எட்டு மாதம் ஆகும் என்று காகிதத்தில் வகுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, "கணக்கு சரியாத்தான் சார் இருக்கு" என்றார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பொருளைக் கையில் எடுத்ததும் ஒரு விசில் கொடுத்து அப்படியே நிற்பார். கொடுத்தவர் முகத்தைப் பார்ப்பார். பிறகுதான் இரண்டு விசில், புறப்பாடு. அஞ்சறைப் பெட்டியை எடுத்த அன்று ஒரு விசிலோடு நின்றுவிட்டார்.

"என்னங்க, எடுங்க" என்றேன்.

"சார், நீங்க இன்னும் கைய எடுக்கல."

பார்த்தேன். உண்மைதான். மூடியின் மேல் என் விரல்கள் இருந்தன. உள்ளே சீரகம் அவள் போட்டபடியே கிடந்தது. அவர் பெட்டியை மேடையில் வைத்துவிட்டு, அன்று வெறுங்கையோடு போனார்.

அக்டோபர் ஆறாம் தேதி, பொறுமை தீர்ந்துபோய், பரணில் இருந்த பாத்திரங்களை மொத்தமாகத் தள்ளிவிட்டேன். சாக்கில் முப்பத்தாறு உருப்படி, தனியாக ஒரு பித்தளை அண்டா. எல்லாம் எங்கள் கல்யாணத்திலும் மகன் காதுகுத்திலும் வந்தவை. வழக்கம்போல் பெரும்பாலானவற்றில் கொடுத்தவர் பெயரும் ஊரும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். டபுள் விசில் ஒவ்வொன்றையும் திருப்பிப் படித்துப் பார்த்தார். இந்தத் தடவை என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. முகத்தில் ஒரு திருப்தி. நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

புதன்கிழமை முதல் போன் வந்தது, ஜெயங்கொண்டத்திலிருந்து. "மாமா, நாங்க வச்ச சீர திருப்பி அனுப்பிட்டீங்களே, அப்படி என்ன மாமா தப்பு பண்ணிட்டோம்?"

அடுத்தது கீழப்பழுவூர். "கொடம் வந்துச்சி. ஒரு பக்கம் ஒடுங்கிக் கெடக்கு. நாங்க குடுக்கறப்ப நல்லாத்தான குடுத்தோம்?"

ஏலாக்குறிச்சியிலிருந்து என்னுடன் வேலை பார்த்த சூசையின் மகள். "அப்பா செத்து ஆறு வருசம் ஆவுது. அவரு பேரு போட்ட தட்ட நடு வூட்ல வச்சிட்டு, விசில் ஊதிட்டுப் போறாரு ஒரு ஆளு. அம்மா அத மடியில வச்சிக்கிட்டு காலையிலேர்ந்து அழுவுது."

எங்கள் பக்கத்தில் சீர்ப் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பினால், உறவு முடிந்தது என்று பொருள். பஞ்சாயத்தில் உட்கார்ந்து அத்துக்கொள்ளும்போதுதான் அப்படிச் செய்வார்கள். டபுள் விசிலுக்கு அது தெரியாமலில்லை. ஆனால் இறங்கும் இடத்தைத் தன் மேலேயே எழுதிக்கொண்டு வந்த ஒரு பொருளை வேறிடத்தில் இறக்க அவருடைய மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. பெயரில்லாத எட்டை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, மற்றதையெல்லாம் ஊர் ஊராக இறக்கிக்கொண்டிருந்தார். ஓடுகிற பஸ்ஸில் போன் எடுக்கவும் மாட்டார். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு பத்துக்குத்தான் கிடைத்தார்.

"அரியலூர் ஸ்டாண்டுல வண்டி நிக்குதுங்க, அதான் எடுத்தேன். கடேசியா அண்டா மட்டும்தான் சார் பாக்கி. கலியபெருமாள், திருமழபாடி."

கலியபெருமாள் என் மனைவியின் தம்பி. புதிதாக விரோதியாக்க வேண்டிய தேவையில்லாத ஒரே ஆள். ஒன்பது வருஷத்துக்கு முன், அவன் மகன் கல்யாணப் பத்திரிகையில் அறுபத்து மூன்று பேர் போட்டு என் பெயரை விட்டுவிட்டான். அச்சகத்தில் விட்டுப்போயிற்று என்றான். நான் போகவில்லை, அவளையும் போக விடவில்லை. அப்புறம் அவள் தம்பியின் பேச்சை எடுக்கும்போதெல்லாம் நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன். அவள் போன அன்று, சொந்தக்காரர்களுக்கு போன் செய்த பக்கத்து வீட்டுப் பையனிடம், "திருமழபாடிக்குச் சொல்ல வேணாம்" என்றேன். சுமங்கலியாகப் போகிறவளுக்குக் கடைசியாகப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்த வேண்டும். பெண்கள் கேட்டார்கள். "நேரமாவுது, தூக்குங்க" என்றேன்.

இப்போது அவளுடைய சீர் அண்டாவும் அவனிடம் திரும்பிப் போகிறது.

நான் திருமழபாடி போய்ச் சேர்ந்தபோது மணி நாலு ஐந்து. கூடத்தின் நடுவில் அண்டா. அதற்குப் பக்கத்தில் டபுள் விசில் வாழை இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கலியபெருமாள் எழுந்திருக்கவில்லை. "வாங்க" என்றான், அவ்வளவுதான். முடி முழுக்க நரைத்துவிட்டது. உட்கார்ந்திருந்த வாகு அப்படியே அவள்.

"மாப்ள, இத நான் குடுத்தனுப்பல."

"அவரும் அதத்தான் சொன்னாரு. நீங்க எதத்தான் அனுப்புனீங்க மாமா? அக்கா போயிருச்சின்னு ஒரு சேதி அனுப்புனீங்களா?"

டபுள் விசிலின் கை இலையில் நின்றுவிட்டது. கலியபெருமாள் உள்ளே போய் ஒரு ஜவுளிக்கடைப் பையைக் கொண்டுவந்து என் எதிரில் வைத்தான். பச்சைச் சேலை, மடிப்புக் கலையவில்லை.

"மூணாம் நாளுதான் காதுக்கு வந்துச்சி. அன்னிக்கே போயி எடுத்தேன். எடுத்துட்டு வந்தப்புறம்தான் நெனச்சேன், இத எதும்மேல போடறதுன்னு."

"தப்பு என்னுது மாப்ள."

"இப்ப சொல்றீங்க. அது உசிரோட இருக்கறப்ப சொல்லியிருந்தா சந்தோசப்பட்டிருக்கும்."

அவன் அழுதான். எனக்கு அழக்கூட உரிமையில்லாத இடம் அது. அண்டாவின் வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று நான் மணி பார்க்கவில்லை. கடைசியில், காய்ந்துபோன கையோடு டபுள் விசில்தான் வாயைத் திறந்தார்.

"அம்மாவுக்கு வருசத் தெவசம் எப்பங்க சார்?"

"நாப்பத்துநாலு நாள் இருக்கு."

கலியபெருமாள் சேலையை மறுபடி பைக்குள் வைத்தான். "படையல்ல வைக்கலாமா?" என்று பையைப் பார்த்துக் கேட்டான்.

"வந்து நீதான் வைக்கணும்."

"அண்டா இங்கயே கெடக்கட்டும். வரும்போது எடுத்தாறேன். பத்து பேருக்காவது சோறாக்க வேணாமா?" பிறகு, தரையைப் பார்த்தபடி, "சாப்புட்டுப் போங்க மாமா" என்றான்.

சாப்பிட்டேன். அக்டோபரில் வரமுடியாது என்று மகனுக்கு அங்கிருந்தே போனில் சொன்னேன்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் டபுள் விசில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முன் சீட்டில் தனியாக ஒரு வயதான அம்மாள். கண்டக்டர் காசு வாங்காமலே அவருக்கு டிக்கெட் கொடுத்தார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கடைசி மூன்று வருஷமும் அரியலூரிலிருந்து தம்பி வீட்டு வாசல்வரை அவளுக்கு ஒரு பைசா ஆகியிருக்காது. நான் கூட வந்திருந்தால் எனக்கு மட்டும்தான் ஆகியிருக்கும்.

"ரெண்டு அரியலூர்" என்றேன். ஓய்வு பெற்றவர்களுக்கான பாஸ் டபுள் விசிலின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். அன்று அவர் அதை எடுக்கவில்லை, என்னைச் செலவு செய்ய விட்டுவிட்டார். சிறிது நேரத்தில் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். ஐந்து நாளாக ஊர் ஊராக அலைந்த உடம்பு. அரியலூர் வரும்வரை அந்தத் தோளை நான் அசைக்கவில்லை. டிக்கெட் ஒன்று பதினெட்டு, இரண்டு பேருக்கும் முப்பத்தாறு ரூபாய்.