குளம்பில் வைத்த மை

ஒரு காட்டில் சிங்கம் இல்லை. இருந்த ஒன்றும் வயதாகிப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் ஆத்மா சாந்தி அடையட்டும். அதனால் அங்கே ராஜா கிடையாது, தேர்தல்தான்.

அந்தக் காட்டுக்கு ஒரே ஒரு சுனை. சுனைக்கு முன்னால் ஒரு பாறை. அந்தக் காலத்து மிருகங்கள் ஒன்றுகூடி அதில் இரண்டு வரி வெட்டி வைத்திருந்தன. மேல் வரியில், ‘நல்ல தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளவும்’ என்று இருந்தது. கீழ் வரியில், ‘தலைவர் யாராக இருந்தாலும் இந்தத் தண்ணீர் எல்லா உயிருக்கும் சொந்தம்’ என்று இருந்தது. அதுதான் அந்தக் காட்டின் அரசியல் சாசனம். மேல் வரியை நின்றபடியே படித்துவிடலாம். கீழ் வரிக்குக் கொஞ்சம் குனிய வேண்டும். அதனால் அதைப் படித்தவர்கள் குறைவு.

கோடையில் தேர்தல் வந்தது. ஓநாய், முதலை, முள்ளம்பன்றி மூன்றும் நின்றன.

ஓநாய் புல் பாதுகாப்புக் கட்சி ஆரம்பித்திருந்தது. “என் ஆயுசில் ஒரு புல்லைக்கூட நான் தின்றதில்லை. இப்படி ஒரு சுத்தமான தலைவரை நீங்கள் பார்த்ததுண்டா?” என்று கேட்டது. மான்களும் முயல்களும் யோசித்துப் பார்த்தன. உண்மைதான். அது புல் பக்கமே போனதில்லை.

முதலை சுனை மீட்புக் கட்சி. “ஓநாய்க்குப் போடாதீர்கள்” என்பதோடு அதன் பேச்சு முடிந்துவிடும்.

முள்ளம்பன்றிக்குக் கட்சி இல்லை. தினமும் விடிந்ததும் சுனையில் கிடக்கும் சருகை அள்ளிப் போடுவது அதன் வழக்கம்.

“ஜெயிச்சா என்ன செய்வே முள்ளண்ணே?” என்று முயல் கேட்டது.

“சருகை அள்ளிப் போடுவேன்.”

“அதை ஜெயிக்காமலேயே செய்யறியே! அப்புறம் எதுக்கு உனக்கு ஓட்டு?”

முள்ளம்பன்றி மறுநாளும் போய்ச் சருகு அள்ளியது.

ஓட்டுப் போடும் நாள் நல்ல வெயில். வரிசையில் நின்றவர்களுக்கு ஓநாய் கட்சி ஆளுக்கு ஒரு தொன்னைத் தண்ணீர் கொடுத்தது. சுனையிலிருந்து மொண்ட தண்ணீர்தான். அப்போதுதான் குட்டி ஈன்றிருந்த பவளம் என்ற புள்ளிமான் தண்ணீரை இரண்டு வாயில் குடித்துவிட்டு, “மகராசன், நல்லா இருக்கணும்” என்று மனதார வாழ்த்தியது. ஓட்டும் ஓநாய்க்கே போட்டது. குளம்பில் குரங்கு மை வைத்தது. சேராங்கொட்டைப் பாலில் செய்த மை, சுலபத்தில் போகாது.

ஓநாய் ஜெயித்தது. சுனைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லி, ஒரு கழுதைப்புலியைக் காவலுக்கு வைத்தது.

அடுத்த நாள் பவளம் குட்டியோடு தண்ணீர் குடிக்க வந்தது.

“தாயி, குளம்பைக் காட்டுங்க” என்றது கழுதைப்புலி.

பவளம் காட்டியது.

“மை இருக்கே. நீங்க உங்க உரிமையை உபயோகிச்சாச்சு. அடுத்த தேர்தலுக்கு வாங்க.”

“அது ஓட்டுக்கு வச்ச மை அய்யா. கீழ் வரியில பாருங்க, தண்ணி எல்லாருக்கும் சொந்தம்னு எழுதியிருக்கு.”

“நான் இல்லைன்னு சொன்னேனா? அது உங்க உரிமை. அதைத்தான் தீர்த்துட்டீங்களே.”

“சரி, என் குட்டியாவது குடிக்கட்டும். அதுக்கு மை கிடையாது.”

“அதுக்கு இன்னும் ஓட்டுப் போடுற வயசே வரலை. வராத உரிமையை நான் எப்படித் தர முடியும்? நீங்களே சொல்லுங்க.”

பக்கத்தில் ஓநாயின் மச்சான் மைத்துனர்கள் வரிசையாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தவர்களை ஓட்டுப் போட அழைத்து வந்த அலைச்சலில் அவர்கள் யாரும் ஓட்டே போடவில்லையாம். தேர்தல் அன்று சேற்றில் தூங்கிவிட்ட எருமையும் நின்றது. “நல்ல ஆட்சி” என்று சொல்லிவிட்டு மறுபடியும் வாயை வைத்தது.

பவளத்துக்கு மடி வற்றிவிட்டது. குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. பவளம் முதலையிடம் போய் அழுதது.

“அநியாயம்! உனக்காக நான் போராடப் போகிறேன்” என்று கர்ஜித்தது முதலை. நேராகப் போய்ச் சுனையின் நடுவில் உட்கார்ந்து போராட்டம் ஆரம்பித்தது. இரண்டு நாளில் போராட்டம் அதற்குப் பிடித்துப் போய்விட்டது. உடம்புக்குக் குளிர்ச்சி. வெளியே வரவில்லை.

அப்போது ஓணான் ஒரு யோசனை சொன்னது. “சொரசொரப்பான கல்லில் தேய்த்தால் மை போய்விடும்.”

அந்தக் காட்டில் சொரசொரப்பான இடம் ஒன்றுதான். சாசனப் பாறை. எழுத்து வெட்டியதால் வந்த சொரசொரப்பு. மேல் வரி உயரத்தில் இருந்தது. கீழ் வரிதான் குளம்புக்கு எட்டும்.

பவளம் தேய்க்கத் தொடங்கியது. முள்ளம்பன்றி ஓடி வந்தது.

“தாயி, எழுத்து மேல தேய்க்காதே. அது அழிஞ்சா அப்புறம் நம்ம கிட்ட ஒண்ணும் இருக்காது.”

“என் பிள்ளைக்கு நாக்கு வறண்டு கிடக்கு அண்ணே. எழுத்தையா நக்கிக் குடிக்கும்?”

பவளம் தேய்த்துக்கொண்டே இருந்தது. பவளத்துக்குப் பின்னால் வரையாடுகள் நின்றன. அதற்குப் பின்னால் காட்டுப்பன்றிகள், முயல்கள். எல்லாம் பொழுது சாயும்வரை தேய்த்தன. கடவுள் புண்ணியத்தில் எல்லார் மையும் போய்விட்டது.

காலையில் எல்லாம் சேர்ந்து சுனைக்குப் போய்க் காலைத் தூக்கிக் காட்டின. கழுதைப்புலி தலைவரைக் கூப்பிட்டது. ஓநாய் வந்து ஒவ்வொரு காலாகப் பார்த்தது. பிறகு பாறையைப் பார்த்தது. கீழ் வரி இருந்த இடம் வழவழவென்று இருந்தது. மேல் வரி மட்டும் முழுசாக இருந்தது.

“யார் காலிலும் மை இல்லை. அப்படியென்றால் யாரும் ஓட்டுப் போடவில்லை” என்றது ஓநாய். “இது ஜனநாயகத்துக்கு அழகல்ல. நாளைக்கே மறுதேர்தல்.”

“அப்போ தண்ணி?” என்று கேட்டது பவளம்.

“தண்ணீரைப் பற்றிச் சாசனத்தில் எங்கே எழுதியிருக்கிறது? காட்டு, இப்போதே தருகிறேன்.”

பவளம் பாறையைப் பார்த்தது. குட்டியிடம் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாளும் நல்ல வெயில். வரிசையில் பவளம் குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டே வந்தது. வழியில் முள்ளம்பன்றி நின்றது. மீசையில் ஈரச் சருகு ஒட்டியிருந்தது.

“இந்தத் தடவையும் நிக்கிறியா அண்ணே?”

“நிக்கிறேன் தாயி. நீதான் பார்த்துப் போடணும்.”

பவளம் அதன் கையைப் பார்த்தது. கையில் தொன்னை இல்லை.

ஓநாய் கட்சிக்காரன் தொன்னையை நீட்டினான். பவளம் அதில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் குட்டியின் வாயருகே வைத்தது. குட்டி நக்கி நக்கிக் குடித்துவிட்டுத் தள்ளாடி எழுந்து நின்றது. பவளத்தின் கண்ணில் நீர் வந்துவிட்டது. “மகராசன், நல்லா இருக்கணும்” என்று சொல்லி ஓட்டுப் போட்டுவிட்டுக் குளம்பை நீட்டியது.

குரங்கு அழுத்தி மை வைத்தது.

நீதி: தாகம் உள்ளவர்கள் உரிமை, சட்டம் என்று அலைய வேண்டாம். அடிக்கடி தேர்தல் வர வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்டாலே போதும்.