ஏ கிரேடு வெள்ளி ரூபாய்

கடவுளே நேரில் வந்து நின்றாலும், "கொஞ்சம் திரும்பி நில்லுங்க சாமி" என்று முதுகுப் பக்கத்தையும் பார்த்துவிட்டு, "பி" என்று சீட்டு எழுதிக் கொடுக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் லென்ஸ் சார்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். நெசவாளர்கள் தறியிலிருந்து அறுத்துக் கொண்டுவரும் சேலையை மேஜையில் விரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, தரம் போடுவது அவர் வேலை. ஏ, பி, செகண்ட்ஸ் என்று மூன்று தரம். ஏ என்பது விதிப் புத்தகத்தில் இருந்ததே தவிர, அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. தரம் போட்டதும், குறை என்ன, செய்தது யார் என்று ஒரு சீட்டில் எழுதி முந்தானையில் குத்திவிடுவார். "குறை தானா வராதுபா. செஞ்சவன் ஒருத்தன் இருப்பான். அவன் பேரை எழுதலன்னா அது செக்கிங்கே இல்ல" என்பார்.

சேலையோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். கோயில் இட்லியைப் பிரசாதம் என்றுகூடப் பார்க்காமல் பிட்டு வெளிச்சத்தில் பிடிப்பார். "மிளகெல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கிக்கினு இருக்குது. பி." கருட சேவையன்று ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது இவர் மட்டும், "குடை இடது பக்கம் சாயுது" என்பார். என் கல்யாணத்துக்கு வந்தவர் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"பார்டர் நல்லா இருக்குது டைப்பிஸ்டம்மா. உடல்தான் கொஞ்சம் லூசு."

என் கணவருக்கு மீசை பெரிது, ஆள் ஒல்லி. இந்த விமர்சனத்தை இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை.

உலகத்தில் ஏ கிரேடு பொருள் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்பது லென்ஸ் சாரின் கட்சி. அது அவர் சட்டைப் பையில் இருந்தது. விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய். கல்யாணத்தில் மாமனார் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்ததாம். யாராவது, "இன்னா சார், எதுக்குமே ஏ போட மாட்டீங்களா?" என்று கேட்டால், பேசாமல் அதை எடுத்து மேஜையில் வைப்பார். பல்பு வெளிச்சத்தில் ராணி ஜொலிப்பாள். "இப்டி ஒண்ணு கொண்டா, போடறேன்" என்பார். கேட்டவர் சேலையைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்.

அப்போதுதான் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் பழைய நாணயக் கண்காட்சி வந்தது. முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு வந்த லென்ஸ் சார், சொந்த ஊரைக் கண்டுபிடித்தவர் மாதிரி இருந்தார். மெட்ராஸிலிருந்து வந்திருந்த ஒரு வியாபாரி அவரிடம் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். அமெரிக்காவில் சில கம்பெனிகள் இருக்கின்றனவாம். நாணயத்தை அனுப்பினால் அசலா போலியா என்று பார்த்து, ஒன்றிலிருந்து எழுபதுவரை மார்க் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து ஒட்டித் தருவார்களாம்.

"எழுவது தரம் டைப்பிஸ்டம்மா. நாம மூணை வெச்சிக்கினு இங்க மாரடிக்கிறோம்" என்றார் ஏக்கத்தோடு.

அந்த வியாபாரி மூலமாகவே அனுப்பலாம். கட்டணமும் தபால் செலவும் சேர்ந்தால் அவருடைய அரை மாதச் சம்பளம். நல்ல மார்க் வந்தால் ரூபாய்க்கு நல்ல விலை கிடைக்கும், வராவிட்டால் டப்பாதான் மிச்சம் என்றும் வியாபாரி சொல்லியிருந்தார். இரண்டாம் நாளும் சார் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் மாணிக்கம் வந்து சேர்ந்தார். இருபது வருஷமாக லென்ஸ் சாரிடம் பி வாங்கியே தலை நரைத்த நெசவாளர்.

"அனுப்பு சார். எங்களுக்கெல்லாம் நீ மார்க் போட்ட. உனக்கு ஒருத்தன் போடட்டும்."

"போடட்டுமே. எனக்கு இன்னா பயம்?"

"உன் ஏ அங்க போயி பி ஆயிட்டா, இத்தினி வருஷமா நீ போட்ட பி எல்லாம் இன்னா சார் கணக்கு?"

இனி அது வெள்ளி ரூபாய் விவகாரம் இல்லை, அவர் கண்ணுக்கே பரீட்சை என்பது எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்தது. "நாளைக்கே அனுப்பறேன்" என்றார்.

மறுநாள் கண்காட்சியின் கடைசி நாள், வெள்ளிக்கிழமை. ஆங்கிலத்தில் படிவம் நிரப்ப என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கூப்பிடாமலே மாணிக்கமும் ஏழெட்டு நெசவாளர்களும் பின்னால் வந்தார்கள். சாமி புறப்பாட்டுக்குக்கூட அவ்வளவு பக்தியோடு அவர்கள் நடந்து நான் பார்த்ததில்லை.

வியாபாரி ரூபாயை விளிம்பில் பிடித்து, விளக்கில் காட்டித் தன் லென்ஸால் பார்த்தார். உடனே கீழே வைத்துவிட்டார்.

"எதைப் போட்டு சார் தேய்ச்சீங்க?"

"தேய்க்கிறதா?"

"நல்லாப் பாருங்க. முகமெல்லாம் மயிரிழை மாதிரி கோடு. வருஷக்கணக்கா தேய்ச்சிருக்காங்க. இந்தப் பளபளப்பே அதனாலதான். பழைய காசுக்கு அழுக்குதான் சார் அழகு. இதை அனுப்பாதீங்க. கழுவினதுன்னு எழுதி, மார்க்கே போடாமத் திருப்பிடுவாங்க. பணம் தண்டம்."

லென்ஸ் சார் தன் லென்ஸை எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சார், இதை நீ லென்ஸ்ல பாத்ததே இல்லியா?" என்று மாணிக்கம் கேட்டார். கேலியாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரலில் கேலி இல்லை.

"இல்லபா" என்றார் லென்ஸ் சார். "பாக்கணும்னு தோணவே இல்ல."

பிறகு பையிலிருந்து சங்கத்துச் சீட்டு ஒன்றை எடுத்து, எல்லோரும் பார்க்க எழுதினார். தரம்: செகண்ட்ஸ். குறை: தேய்த்துக் கழுவியது.

"செஞ்சவன் பேரு?" என்றார் மாணிக்கம். இருபது வருஷப் பாடம் அவருக்கு மறக்குமா.

லென்ஸ் சாரின் பேனா கொஞ்சம் நின்றது. "நான்தான்" என்று சொல்லித் தன் பெயரையே எழுதினார். நெசவாளர்கள் சிரிக்கத்தான் வந்திருந்தார்கள், ஆனால் யாரும் சிரிக்கவில்லை. மாணிக்கம் மட்டும், "வுடு சார், டீ சாப்புடலாம் வா" என்று அவர் தோளைத் தொட்டார். அவர் வரவில்லை.

என்னை வீட்டுக்கு அழைத்துப்போய்க் காபி சாப்பிடச் சொன்னார். அவர் மனைவி வாசலுக்கே ஓடி வந்தார்.

"இன்னா, அமெரிக்காவுக்கு அனுப்பியாச்சா?" என்றவர், பதிலுக்குக் காத்திருக்காமல் என்னிடம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா கண்ணு, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான்தான் வெபூதி போட்டு அதைத் தேய்ப்பேன். வெளக்கைக்கூட அப்புறந்தான் தொடுவேன். இவுரு ஊரெல்லாம் ஏ ஏன்னு சொல்லிக்கினு திரியறாரே, அந்த ஏ யாரு போட்டது? நான் போட்டது."

நான் லென்ஸ் சாரைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையில் இருந்த சீட்டைக் கையால் மூடிக்கொண்டு, சொல்லாதே என்பதுபோல் எனக்கு மட்டும் தெரியும்படி தலையை ஆட்டினார்.

"அனுப்பல" என்றார் மனைவியிடம். "அவங்க டப்பாவுல போட்டு ஒட்டிடுவாங்களாம். அப்புறம் வெள்ளிக்கிழமை நீ எதைத் தேய்ப்ப?"

"அதானே" என்றார் அந்த அம்மா, பெருமை தாங்காமல். ரூபாயை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு விபூதிக் கிண்ணத்தைத் தேடி உள்ளே போனார். சுவருக்கு அந்தப் பக்கம் பரபரவென்று தேய்க்கும் சத்தம் கேட்டது. லென்ஸ் சார் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஒரு குறையும் சொல்லாமல் காபியைக் குடித்தார். காபியில் சர்க்கரை ரொம்ப அதிகம்.

அவரிடம் பத்து வருஷம் வேலை பார்த்தேன். நான் டைப் அடித்த கடிதங்களுக்கெல்லாம் பி போட்டவர். அவர்மேல் எனக்கு இருந்த கோபங்களைப் பட்டியல் போட்டால் இந்தப் பத்திரிகையில் இடம் போதாது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, யோசித்துப் பார்த்தாலும் அதில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வருவதில்லை.