கொள்ளிடத்து மாலுமி

“நடராஜன், சுக்கான்னா என்ன ஓய்?” என்று வைத்தீஸ்வரன் கேட்டதும், பக்கத்து மேஜை நடராஜன் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

“படகைத் திருப்பற கட்டை. எதுக்குக் கேக்கறீர்?”

“ஞாயித்துக்கிழமை துரையோட நான் படகு ஓட்டணும்.”

“நீரா? ஹூக்ளியிலயா?”

“குடும்பத்தோட.”

நடராஜன் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். இது வாயில் எதையாவது வைத்துக்கொண்டு கேட்கிற விஷயமாக அவருக்குப் படவில்லை.

இருவருக்கும் கல்கத்தாவின் க்ளைவ் தெருவில் ஒரு சணல் கம்பெனியில் உத்தியோகம். கம்பெனியின் பெரிய துரை மக்ஃபி, ஸ்காட்லாந்துக்காரர். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிகிற சமயத்தில் குமாஸ்தாக்களின் அறை வாசலில் வந்து நின்றுகொண்டு, சின்ன வயதில் தம் ஊர்க் கடலோரத்தில் படகில் போன கதைகளைச் சொல்லுவார். அப்பா, அம்மா, அண்ணன் தம்பிகள், எல்லாரும் ஒரே சின்னப் படகில் தீவு தீவாகப் போவார்களாம். ஒரு நாள் மூடுபனியில் வழி தெரியாமல் போய், ஒரு பாதிரியாரின் முட்டைக்கோஸ் தோட்டத்துக்கே படகைக் கொண்டுபோய் ஏற்றிவிட்டார்களாம். இன்னொரு நாள் கடல்நாய் ஒன்று படகுக்குள் எட்டிப் பார்த்து, அவருடைய அம்மாவின் தொப்பியைக் கவ்விக்கொண்டு போய்விட்டதாம்.

கேட்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். வைத்தீஸ்வரன் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரிப்பார். தலைமைக் குமாஸ்தா அடுத்த வருஷம் வேலையை விட்டு ஊருக்குப் போகிறார் என்பதும், அந்த நாற்காலிக்கு இன்னும் ஆள் முடிவாகவில்லை என்பதும் அந்தச் சிரிப்புக்குக் காரணம்.

போன சனிக்கிழமை துரை கேட்டார்: “உங்கள் ஊரில் கடல் உண்டா, வைத்தி?”

உண்டு என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். “உண்டு சார். நாங்களும் குடும்பத்தோடு பாய்மரப் படகில் போகிறவர்கள்தான். பாயைப் பிடித்தால் என் கை சும்மா இருக்காது” என்று சொல்லிவிட்டார்.

உண்மையில் அவர் வாழ்நாளில் படகேறியது ஒரே தடவை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகையில், கொள்ளிடத்தில் பரிசலில். அதிலும் இந்தக் கரையில் மூடிய கண்ணை அந்தக் கரையில்தான் திறந்தார்.

திங்கட்கிழமை துரை அவரை உள்ளே கூப்பிட்டார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

“என் மனைவியிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு ரொம்ப சந்தோஷம். உடனே ஒரு படகையே விலைக்கு வாங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நீ குடும்பத்தோடு வருகிறாய்” என்றார்.

கதையைக் கேட்டு முடித்த நடராஜன், “இதெல்லாம் ஒரு விஷயமா? ஆத்துக்காரிக்கு ஜுரம்னு சொல்லிடும்” என்றார்.

வைத்தீஸ்வரன் அப்படியே சொன்னார். துரை அவரை உற்றுப் பார்த்து, “ஜுரமா? அப்படியானால் வேண்டவே வேண்டாம். உடம்புதான் முக்கியம்” என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று வைத்தீஸ்வரனுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

அன்று சாயங்காலம் பவானிபூரில் அவர் வீட்டு வாசலில் இரட்டைக் குதிரை வண்டி ஒன்று வந்து நின்றது. துரைசானி இறங்கினாள். பின்னால் தோல் பெட்டியோடு ஒரு வெள்ளைக்கார டாக்டர். அவருக்குப் பின்னால் மூடி போட்ட பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு துரை வீட்டு வேலையாள் கரீம்.

வைத்தீஸ்வரனின் மனைவி பாகீரதி கூடத்தில் அப்பளத்து மாவை உலக்கையால் இடித்துக்கொண்டிருந்தாள்.

“படுத்துக்கோ! படுத்துக்கோ!” என்றார் வைத்தீஸ்வரன்.

“என்னன்னா இது, வெளக்கு வைக்கற நேரத்துல?”

“உனக்கு ஜுரம்டீ!”

மாவுக் கையோடு அவள் படுத்தாள். டாக்டர் நாடியைப் பார்த்தார். இடித்த வேகத்தில் அது குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. முகம் சுளித்து, ஒரு பெரிய கண்ணாடிக் குவளை நிறைய ஜுரத்துக்கான கொயினா மருந்தைக் கலந்து அவளைக் குடிக்கவைத்தார். துரைசானி அவள் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். கரீம் பாத்திரத்தைத் திறந்தான். கோழி சூப்.

வண்டி போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டு, பாகீரதி வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள்.

“ஜுரம் உங்களுக்குன்னு சொல்லப்படாதோ? வாயெல்லாம் வேப்பங்காயா கசக்கறது! அந்தப் பொம்மனாட்டி பாவம், ஞாயித்துக்கிழமை தோறும் வந்து பாக்கறேன்னு சொல்லிட்டுப் போறா.”

“நீ சீக்கிரம் பொழைச்சுக்கோ” என்றார் வைத்தீஸ்வரன் பரிதாபமாக.

பிழைத்ததும் மறுபடி அழைப்பு வந்தது. மாசி மாதம்; காற்று இதமாக, ஆறு கண்ணாடி போலக் கிடந்தது. படகுக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. நடராஜன் அடுத்த யோசனையைச் சொன்னார்: “பஞ்சாங்கத்தை இழும். அதுல டாக்டர் தலையிட முடியாது.”

“எங்கள் குலத்தில் பங்குனி முடிகிற வரைக்கும் படகில் கால் வைக்கக்கூடாது சார்” என்றார் வைத்தீஸ்வரன்.

துரையின் முகம் மலர்ந்தது. “மத நம்பிக்கையில் நான் குறுக்கிடவே மாட்டேன். இந்த வருஷம் முழுவதும் கூடாது என்றாலும் சரிதான்” என்றார்.

மறுநாள் காலையில் அந்த மலர்ச்சியைக் காணோம். “என் மனைவி காத்திருக்கத் தயார். சித்திரையில் முதல் ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டாள்” என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

சித்திரை என்றால் கல்கத்தாவில் காலவைசாகி. பகலெல்லாம் அடுப்பு மாதிரி காய்ந்து, சாயங்காலம் வடமேற்கே கறுத்து, கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போகிற புயல். அந்த மாதத்தில் பழகின ஓடக்காரர்களே வானத்தைப் பார்க்காமல் கயிற்றை அவிழ்க்கமாட்டார்கள்.

“இப்ப என்ன பண்றது?” என்றார் வைத்தீஸ்வரன்.

நடராஜன் ரொம்ப நேரம் யோசித்தார். “கடல்ல போன எனக்கு இந்த ஆறெல்லாம் வாய்க்கால் மாதிரி, ருசிப்படலைன்னு சொல்லிப் பாரும். மனுஷன் கோச்சுண்டு விட்டுடுவார்.”

சொன்னதும் துரை வெளுத்துப் போனார். கோபம்தான் என்று வைத்தீஸ்வரனுக்கு நிச்சயமாகிவிட்டது. ஆனால் மறுநாள் பதில் வந்தது: “என் மனைவிக்கு உன் மேல் மரியாதை கூடிவிட்டது. கார்டன் ரீச்சுக்குக் கீழே, ஆறு நன்றாக அகலமாகிற இடத்துக்குப் போகலாம் என்கிறாள்.”

வீட்டில் பாகீரதியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழாத குறையாக உட்கார்ந்தார்.

“நெஜத்தைச் சொல்லிடுங்கோளேன்” என்றாள் அவள்.

“சொன்னா நாற்காலி போயிடும்.”

“சொல்லலைன்னா நாமளே போயிடுவோம்.” சொல்லிவிட்டு, புளியோதரைக்குப் புளியை ஊறப்போட எழுந்து போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ எல்லாரும் கிதிர்பூர் படித்துறையில் கூடினார்கள். மடிசாரில் பாகீரதி, இடுப்பில் புளியோதரை அடுக்கு. எட்டு வயது ஜலஜா, குதித்துக்கொண்டு. துரை வெள்ளை உடுப்பில் விறைப்பாக நின்றார். துரைசானி பெரிய தொப்பியோடும் குடையோடும் பாகீரதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கரீம் உலர்ந்த துண்டுகளோடு படியிலேயே நின்றுவிட்டான். படகு பாய் விரித்து, வெள்ளையாக, அழகாக இருந்தது. வைத்தீஸ்வரன் கண்ணுக்கு அது கல்யாணச் சமையலுக்கு வைக்கிற அண்டாவைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

“நீ முதலில் ஏறு, வைத்தி” என்றார் துரை.

“தாங்கள் முன்னால் சார்.”

“இல்லை, நீ விருந்தாளி.”

“தாங்கள் எஜமானர்.”

துரைசானியும் பாகீரதியும் ஜலஜாவும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கரையில் இரண்டு ஆண்களும் இன்னும் ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருந்தார்கள்.

எப்படியோ ஏறியதும் துரை சொன்னார்: “சுக்கானை நீ பிடி.”

“தாங்கள் இருக்கும்போது நானா?”

“உன் கையைப் பார்க்கவேண்டும் என்று எத்தனை நாளாக ஆசை!”

பரீட்சை வைக்கிறார் என்று வைத்தீஸ்வரனுக்குப் புரிந்தது. தெய்வங்களை நினைத்துக்கொண்டு சுக்கானைப் பிடித்தார். வலப்பக்கம் போகவேண்டும் என்று கட்டையை வலப்பக்கம் இழுத்தார். படகு இடப்பக்கம் திரும்பியது. பயந்துபோய் மறுபக்கம் தள்ளினார். படகு நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது.

“பிரமாதம்!” என்றார் துரை, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு.

துரைசானி எதையோ சொல்ல வாயெடுத்தாள். துரை அவசரமாக, “அவன் வழியில் விடு, கண்ணே. அவர்கள் ஊர் முறை அது” என்றார்.

அவர்கள் ஊர் முறைப்படி படகு நேராகப் போய் வைக்கோல் ஏற்றிவந்த பெரிய ஓடம் ஒன்றில் மோதியது. மேலிருந்து ஒரு கட்டு வைக்கோல் துரையின் தலையில் விழுந்தது. ஓடக்காரன் வங்காள பாஷையில் விடாமல் பேசினான்.

“அப்பா, நம்ம தாத்தாவைப் பத்தி என்னமோ சொல்றான்” என்றாள் ஜலஜா. வங்காள பாஷை அவளுக்குத் தமிழைவிட நன்றாக வரும்.

“கேக்காதே!” என்றார் வைத்தீஸ்வரன்.

படகு ஒரு வழியாக விடுபட்டு ஆற்றின் நடுவுக்குப் போயிற்று. அதை யாரும் கொண்டுபோகவில்லை. கடலை நோக்கி வடிகிற நீரின் இழுப்பு கொண்டுபோயிற்று. அப்போதுதான் வடமேற்கே வானம் மை கொட்டினாற்போலக் கறுத்தது. காற்று சட்டென்று நின்றது. கரையோரத்துக் காக்கைகள் எல்லாம் ஒரே திசையில் பறந்தன.

“ஏன்னா, அங்க பாருங்கோ” என்றாள் பாகீரதி.

வைத்தீஸ்வரன் பார்க்க விரும்பவில்லை. துரையைப் பார்த்தார். துரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. ஆகா, கண்ணை மூடிக்கொண்டே காற்றைக் கணக்குப் போடுகிறாரே, இவரல்லவா மாலுமி என்று வைத்தீஸ்வரனுக்குத் தைரியம் வந்தது.

புயல் வந்து மோதியது. பாய் துப்பாக்கி வெடித்தது போலப் படாரென்று உப்பியது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீரை மொண்டது. ஜலஜா அலறினாள். வைத்தீஸ்வரன் சுக்கானை விட்டுவிட்டு மகளைக் கட்டிக்கொண்டார். அந்த நிமிஷத்தில் நாற்காலி, உத்தியோகம் ஒன்றும் அவர் நினைவில் இல்லை. குழந்தையின் பின்னல் மட்டும் கையில் இருந்தது.

துரைசானி தொப்பியைக் கழற்றிப் பாகீரதியிடம் கொடுத்தாள். குடையை ஆற்றில் எறிந்தாள். வைத்தீஸ்வரனை ஒரு பக்கமும் தன் புருஷனை இன்னொரு பக்கமும் தள்ளிவிட்டுச் சுக்கானில் உட்கார்ந்தாள். ஒரு கையால் கயிற்றைத் தளர்த்திப் பாயைப் பாதியாகச் சுருக்கினாள். தண்ணீரைக் காட்டி, “பானி! பானி!” என்று பாகீரதியைப் பார்த்துக் கத்தினாள்.

பாகீரதி அடுக்கிலிருந்த புளியோதரையை ஹூக்ளிக்குக் கொடுத்துவிட்டு, அந்த அடுக்காலேயே தண்ணீரை இறைக்க ஆரம்பித்தாள். மழையில் ஒருத்தி ஓட்ட, ஒருத்தி இறைக்க, படகு அலைமேல் ஏறி இறங்கிக் கரையைப் பார்த்து ஓடியது. துரைசானி சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துப் பாகீரதியும் சிரித்தாள்.

படித்துறையில் எல்லாரும் இறங்கினார்கள். வைத்தீஸ்வரன் சேற்றில் நின்றபடியே துரையின் முன்னால் கையைக் கூப்பினார்.

“சார், நான் சொன்னதெல்லாம் பொய். எனக்குப் படகு ஓட்டத் தெரியாது. கொள்ளிடத்தில் ஒரு தடவை பரிசலில் போனேன், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. குழந்தையோடு சாக இருந்தேன். என்னை வேலையிலிருந்து நீக்கிவிடுங்கள்.”

துரை அவரைப் பார்த்தார். தலையில் இன்னும் ஒரு வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது. கண் கலங்கியிருந்தது. வைத்தீஸ்வரனின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.  பிறகு தள்ளாடிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.

துண்டோடு வந்த கரீமிடம் வைத்தீஸ்வரன் தமக்குத் தெரிந்த இந்துஸ்தானியில் சொன்னார்: “எப்பேர்ப்பட்ட மனுஷன், கரீம்! பெண்டாட்டிக்கே இவ்வளவு நன்னாக் கத்துக்குடுத்திருக்காரே! அவ்வளவு பெரிய மாலுமிகிட்டப் போய் நான் பொய் சொன்னேனே!”

கரீம் வண்டிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“யாரு பாபுஜி மாலுமி? அந்தக் கதையெல்லாம் மேம்சாஹேப் சின்ன வயசுல அவங்க அப்பாவோட போன கதை. எங்க சாஹேப் படகுல காலை வச்சதே இன்னிக்குத்தான், அதுவும் உங்களை நம்பி!”